ஆறரைக்குக் கொடுத்த மருந்து பத்தரை வரைதான்

எங்கள் பள்ளியில் பத்தரைக்கு இன்டர்வெல் பெல் அடிக்கும். பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடும்போது ஒன்று மட்டும் டெஸ்க்கில் தலை சாய்த்துப் படுத்திருக்கும். கழுத்தைத் தொட்டால் கொதிக்கும். "காலையில மருந்து குடிச்சியா?" என்றால் தலையாட்டும். "எப்ப?" "அப்பா வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, மிஸ்." அதாவது ஆறரை. பாராசிட்டமால் நாலிலிருந்து ஆறு மணி நேரம்தான் காய்ச்சலைப் பிடித்து வைக்கும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அதற்குள் அந்தப் பிள்ளை பிரேயரில் நின்று, பக்கத்துப் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்து, ரப்பர் கடன் வாங்கித் திருப்பியும் கொடுத்திருக்கும்.

கடலூரில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. வீடு திருப்பாதிரிப்புலியூர். எனக்கும் இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட். ஆகவே ஆறரை மணிக்கு ஒரு வீட்டு அடுப்படியில் என்ன யோசனை ஓடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்: லீவு போட்டால் சம்பளம் போகும், மாமியார் முதுநகரிலிருந்து வந்து சேர ஒன்பது ஆகும், பிள்ளை இப்போது சிரிக்கத்தானே செய்கிறது, அனுப்பிப் பார்ப்போம். நானும் அனுப்பிப் பார்த்தவள்தான். அந்தக் கதை அம்மை வரும் இடத்தில் வருகிறது.

நான் மருத்துவர் இல்லை. வகுப்பறையில் பார்த்ததையும், குழந்தை டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதி வைத்ததையும் சொல்கிறேன். எந்த நோய்க்கு எத்தனை நாள் வீடு, எதற்கு வீடே வேண்டாம் என்று தெரிந்தால் காலை நேரத்துச் சண்டை பாதி குறையும்.

காய்ச்சல்

முதலில் கையை நம்பாதீர்கள். வேலை செய்கிற கை எப்போதும் சூடு. பாத்திரம் தேய்த்த கை குளிர்ச்சி. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தொட்டால் காய்ச்சல், அன்றைக்குப் பள்ளி கிடையாது. அக்குளில் வைத்தால் உள் சூட்டைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும் என்பதால் அங்கே 99.5 தாண்டினாலே என் பிள்ளைகளை நான் அனுப்புவதில்லை. எண்ணைப் பார்த்த பிறகு முகத்தையும் பாருங்கள். எண் குறைவாக இருந்து, பிள்ளை இட்லியைத் தொடாமல் சுவர் ஓரம் சுருண்டிருந்தால் அன்றைக்கும் வீடுதான்.

நிறைய பேர் ஏமாறுவது விடியற்காலையில். உடம்புச் சூடு விடியலில்தான் மிகக் குறைவாக இருக்கும், சாயங்காலம் ஏறும். ராத்திரி முழுக்க அனலாகக் கிடந்த பிள்ளை ஆறு மணிக்குக் குளிர்ந்திருந்தால் "விட்டுடுச்சு" என்று நினைக்கிறோம். விடவில்லை, இறங்கி நிற்கிறது. பிற்பகல் இரண்டாம் பீரியடில் மறுபடி ஏறும்.

ஆகவே விதி இதுதான்: மருந்து எதுவும் கொடுக்காமல், முழுசாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குக் கடைசி டோஸ் கொடுத்தீர்கள், திங்கள் காலை சூடு இல்லை. அன்றைக்கு அனுப்பாதீர்கள். திங்கள் பகலும் சாயங்காலமும் ராத்திரியும் மருந்தில்லாமல் சும்மா இருந்தால் செவ்வாய் அனுப்பலாம். எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் நேரத்தையும் சூட்டையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவோம். பகலில் பாட்டி கொடுத்த டோஸை மறந்து ராத்திரி அப்பா மறுபடி கொடுக்கும் ஆபத்தும் அதில் போய்விடும். டாக்டர் சீட்டைக் காட்டச் சொன்னால் அந்தத் தாளையே காட்டலாம்.

சிரப் விஷயத்தில் ஒன்று. பாராசிட்டமால் சிரப் ஒரே பெயரில் இரண்டு மூன்று பலத்தில் வருகிறது: 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் இருப்பது ஒன்று, 250 இருப்பது ஒன்று. "போன தடவை ஒரு மூடி கொடுத்தோம், அதே கொடு" என்று சொல்லிவிட்டு மெடிக்கலில் வேறு பலத்துப் பாட்டில் வாங்கி வந்திருந்தால் டோஸ் இரண்டு மடங்காகிவிடும். பிள்ளையின் எடைக்குத்தான் அளவு. டாக்டரிடம் மில்லியில் எழுதி வாங்குங்கள், பாட்டிலில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சளி மட்டும் இருந்தால்?

அனுப்புங்கள். மூக்கு ஒழுகுகிறது, லேசாக இருமுகிறது, காய்ச்சல் இல்லை, ஓடி ஆடுகிறது என்றால் பள்ளிதான். சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஆறு எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் வைத்தால் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வகுப்பே காலி. பச்சைச் சளி என்றால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதும் கிடையாது. ஒரு கைக்குட்டை கொடுத்து அனுப்புங்கள், சட்டைக் கையில் துடைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். இரண்டாவதை அவர்கள் கேட்க மாட்டார்கள்.

மூச்சு வாங்கினாலோ, விலா எலும்பு உள்ளிழுத்தாலோ அது சளிக் கணக்கில் வராது, உடனே ஆஸ்பத்திரி. தொடர்ந்து இருமி, கடைசியில் "ஹூப்" என்று மூச்சை இழுத்து வாந்தி எடுத்தால் கக்குவானாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் தொடங்கி ஐந்து நாள் முடிந்த பிறகே பள்ளி. மருந்து எடுக்காமல் விட்டால் மூன்று வாரம் வரை பரப்பும். 5–6 வயதில் போட வேண்டிய, கக்குவானையும் சேர்த்துத் தடுக்கும் டிபிடி பூஸ்டர் ஊசியை நிறைய வீட்டில் மறந்துவிடுகிறார்கள். கைக்குழந்தையில் எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள், பள்ளியில் சேர்த்ததும் அந்த அட்டை பீரோவுக்குள் போய்விடும். எடுத்துப் பாருங்கள்.

தொண்டை வலியோடு காய்ச்சல், விழுங்க முடியவில்லை, டாக்டர் பார்த்து பாக்டீரியா என்று ஆன்டிபயாடிக் எழுதினார் என்றால், மருந்து தொடங்கி ஒரு முழு நாள் ஆகிக் காய்ச்சலும் விட்டிருந்தால் பள்ளிக்கு வரலாம். ஆனால் மூன்றாம் நாள் சரியாகிவிட்டது என்று மருந்தை நிறுத்தாதீர்கள். அந்த வகைத் தொண்டைப் புண்ணைச் சரியாகக் குணமாக்காமல் விட்டால் சிலருக்குப் பின்னால் இதய வால்வு வரை போய்ப் பாதிக்கிறது.

அம்மை

இப்போது என் கதை. மூத்தவன் யூகேஜி படித்தபோது, மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை குளிப்பாட்டினேன். வயிற்றில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி, நடுவில் தண்ணீர் கோர்த்த மாதிரி. சூட்டுக் கொப்புளம் என்று நினைத்துப் பவுடர் போட்டு அனுப்பிவிட்டேன். அன்றைக்கு எனக்கு இன்ஸ்பெக்‌ஷன். மூன்று மணிக்கு அவன் மிஸ் கூப்பிட்டார்: "மேடம், முதுகெல்லாம் வந்திருக்கு." சரியாகப் பதினான்காம் நாள் அவன் பெஞ்சுப் பிள்ளை. அப்புறம் பின்பெஞ்சு. மொத்தம் ஏழு பேர். அதில் ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு அப்போது ஆறாம் மாதம். அவருக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அது தெரியும் வரை நான் தூங்கவில்லை.

சின்னம்மை பரவத் தொடங்குவது கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே. ஆகவே நான் அவனைத் திங்கள் நிறுத்தியிருந்தாலும் சனிக்கிழமையே பரவியிருக்கலாம், உண்மைதான். அதற்காகத் திங்கள் அனுப்பியது சரியாகிவிடாது. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீடு. பெரும்பாலும் முதல் கொப்புளத்திலிருந்து ஐந்து முதல் ஏழு நாள், சிலருக்கு இன்னும் கூட. புதிதாக ஒன்று கிளம்பினாலும் கணக்கு நீளும். பொருக்கு உதிர்ந்து தழும்பு மறையக் காத்திருக்க வேண்டாம்.

நம் ஊரில் வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளையைத் தனியாகப் படுக்க வைத்து, வெளியாள் உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிறோம். ஒரு டீச்சராகச் சொன்னால், நோய்க்குத் தடுப்பு போடுவதில் இதைவிட ஒழுங்கான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. எந்த சர்க்குலரும் இவ்வளவு வேலை செய்யாது. சிக்கல் வருவது தண்ணீர் ஊற்றும் கணக்கில்தான். "மூணாவது தண்ணி ஊத்திட்டோம் மிஸ், நாளைக்கு அனுப்பறோம்" என்று போன் வரும். தண்ணீர் கணக்கு வேறு, பொருக்குக் கணக்கு வேறு. பரீட்சை வருகிறது என்று தண்ணீரை முன்னாடியே ஊற்றி அனுப்பியவர்களும் உண்டு. தலைமுடிக்குள் ஈரக் கொப்புளத்தோடு பிள்ளை என் முன்னால் நின்றிருக்கிறது. தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி உச்சந்தலை, காதுக்குப் பின்புறம், அக்குள், உள்ளாடை படும் இடம் எல்லாம் பாருங்கள். ஈரமாக ஒன்றுகூட இல்லை என்றால் அனுப்புங்கள். தலைக்குத் தண்ணீர் அப்புறம் இருக்கட்டும், உடம்பைத் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவலாம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். அரிப்பில் நகம் பட்டுச் சீழ் பிடிப்பதுதான் அதிகம் நடக்கிறது. நகத்தை வெட்டிவிடுங்கள்.

அம்மைக்கு ஆஸ்பத்திரி போகக் கூடாது என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆஸ்பிரின் கூடவே கூடாது, இபுப்ரோஃபெனும் வேண்டாம். மூச்சுத் திணறல், விடாத வாந்தி, குழப்பமாகப் பேசுவது, நடக்கத் தடுமாறுவது வந்தால் காத்திருக்காதீர்கள். கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, புற்றுநோய்க்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கூடப் பிறந்த பிள்ளை நன்றாக இருந்தால் பள்ளிக்கு வரலாம், ஆனால் பத்தாம் நாளிலிருந்து இருபத்தொன்றாம் நாள் வரை தினமும் குளிக்கும்போது முதுகைப் பாருங்கள். சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். முடிந்தவர்கள் போடுங்கள்.

தட்டம்மை, மணல்வாரி என்று சொல்வது வேறு. கடும் காய்ச்சல், கண் சிவப்பு, மூக்கொழுகல், இருமல் எல்லாம் முதலில் வந்து, அதன் பிறகு காதோரத்திலும் முகத்திலும் தொடங்கி மணல் தூவினாற்போல் உடம்புக்கு இறங்கும். தடிப்பு வந்து நான்கு நாள் முடியும் வரை வீடு. இது சின்னம்மையைவிட வேகமாகப் பரவும், நுரையீரலைத் தாக்கும், டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். வைட்டமின் ஏ கொடுப்பார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப்பில் எவனோ கிளப்பிய வதந்தியை நம்பி ஊசி அன்று மட்டும் பிள்ளைக்கு "வயித்து வலி" என்று லீவு வாங்கியவர்களை நான் பேர் பேராக நினைவு வைத்திருக்கிறேன். சரி, அது போகட்டும்.

தக்காளிக் காய்ச்சலும் பொன்னுக்கு வீங்கியும்

கேரளத்திலிருந்து 2022-இல் தக்காளிக் காய்ச்சல் என்று செய்தி வந்த பிறகு, எந்தக் கொப்புளத்தைப் பார்த்தாலும் அந்தப் பெயர்தான். பெரும்பாலும் அது கை, கால், வாய் நோய். அம்மையிலிருந்து பிரித்துப் பார்ப்பது எளிது. அம்மை நெஞ்சு, முதுகு, முகம் என்று நடு உடம்பில் தொடங்கி அரிக்கும். இது உள்ளங்கை, உள்ளங்கால், வாயைச் சுற்றி, புட்டத்தில் வரும். வாய்க்குள் புண்ணாகிப் பிள்ளை சாப்பிட மறுத்து எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கும். காய்ச்சல் விட்டு, எச்சில் ஒழுகுவது நின்று, கொப்புளம் காய்ந்தால் வரலாம். பெரும்பாலும் ஒரு வாரம். அதற்குப் பிறகும் சில வாரங்கள் மலத்தில் கிருமி இருக்கும் என்பதால் கழுவிய பின் சோப்பு போடுவதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து நகம் உரிந்து வந்தால் பயப்பட வேண்டாம், புது நகம் முளைக்கும். சாப்பாட்டுக்குப் புளிப்பில்லாத தயிரில் குழைத்த சாதம், இளநீர், நுங்கு. காரமும் சூடும் வேண்டாம்.

பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள் வீடு. ஒரு முறை ஒரு பையன் இரண்டு பக்கமும் கன்னம் உப்பி, கழுத்தில் இரண்டு பவுன் சங்கிலியோடு வந்து உட்கார்ந்தான். பொன் போட்டால் இறங்கும் என்று பாட்டி போட்டு அனுப்பியிருந்தார். நோய் பரவுமே என்று ஒரு கவலை, சங்கிலி தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று ஒரு கவலை. அவன் அம்மா வந்து கூட்டிப் போகும் வரை என் மேஜை பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தேன். சங்கிலி போட வேண்டுமென்றால் வீட்டில் போடுங்கள். கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, பையன்களுக்கு விதையில் வலி வீக்கம் என்றால் டாக்டர். அரசு போடும் ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். இதற்குச் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தனியாரிடம்தான்.

மெட்ராஸ் ஐ

பார்த்தால் ஒட்டாது. கருப்புக் கண்ணாடி போட்டால் பரவாமலும் இருக்காது. கண்ணைத் தேய்த்த கை பென்சிலைத் தொட்டு, பென்சில் அடுத்த கைக்குப் போய், அந்தக் கை அதன் கண்ணுக்குப் போவதுதான் வழி. வெளிநாட்டில் சில இடங்களில் இதற்கு லீவே வேண்டாம் என்கிறார்கள். அங்கே ஒரு பெஞ்சில் ஐந்து பேர் உட்காருகிறார்களா என்று தெரியவில்லை, இங்கே உட்காருகிறார்கள். பீளையும் தண்ணீரும் வடிவது நிற்கும் வரை வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நாளிலிருந்து ஒரு வாரம். தனித் துண்டு, தனித் தலையணை உறை, கண் மை வேண்டாம். கண்ணில் தாய்ப்பால் விட வேண்டாம். அக்காவுக்கு வாங்கிய சொட்டு மருந்தைத் தம்பிக்கு விட வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண்ணுக்கே வினையாகும். வெளிச்சம் பார்க்க முடியவில்லை, பார்வை மங்குகிறது, வலி குத்துகிறது என்றால் மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கோ, புதுச்சேரி சாலையில் தவளக்குப்பம் அரவிந்துக்கோ போய்விடுங்கள்.

வயிற்றுப் போக்கு

இதற்கு நான் ரொம்பக் கறார். கடைசி வாந்தி அல்லது கடைசிப் பேதி ஆகி 48 மணி நேரம். ஒரு நாள் போதாது. ஏன் என்று கேட்பவர்கள் பள்ளிக் கழிப்பறையில் எத்தனை குழாய், அதில் எத்தனையில் தண்ணீர் வருகிறது, எத்தனை பிள்ளைகள் என்று ஒரு முறை வந்து பார்க்கட்டும். பத்து நிமிட இன்டர்வெல்லில் எல்லாரும் சோப்பு போட்டுக் கழுவுவது நடக்கிற காரியம் இல்லை. அதே கை முட்டையை உரிக்கும்.

வீட்டில் ஓஆர்எஸ் ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று எழுதியிருக்கும் பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கொட்டிக் கலக்குங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கலந்தால் உப்பு எங்கே எவ்வளவு விழுந்தது என்று தெரியாது. ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். குடித்ததும் வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். துத்தநாக மாத்திரை கொடுத்தால் பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்திருக்கிறது, மலத்தில் ரத்தம், எழுப்பினால் எழவில்லை என்றால் ஆட்டோவைக் கூப்பிடுங்கள், இல்லை 108.

மழைக்காலத்தில் கெடிலத்திலும் பெண்ணையாற்றிலும் வெள்ளம் வந்து தெருக்குழாய் கலங்கும்போது இந்த லீவு லெட்டர்கள் கட்டுக் கட்டாக வரும். கூடவே மஞ்சள் காமாலையும் வரும். தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஏ என்றால் கண் மஞ்சளானதிலிருந்து ஒரு வாரம் வீடு. கீழாநெல்லி குடிக்க வைக்கிறீர்களோ இல்லையோ, ரத்தப் பரிசோதனை செய்து எந்தக் காமாலை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

டெங்கு பெஞ்சிலிருந்து பெஞ்சுக்கு ஒட்டாது, கொசுதான் கொண்டு போகும். ஆனாலும் பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும், பகலிலும் கொசுவலைக்குள். காய்ச்சல் இறங்கிய அன்றுதான் அனுப்பிவிடுகிறார்கள், ஆபத்து தொடங்குவதும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான். வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து துவண்டு கிடப்பது என்றால் மறுபடி ஆஸ்பத்திரி. டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்.

சிரங்கு, பேன், படர்தாமரை

இவற்றுக்கு நோயைவிட வெட்கம்தான் பெரிது. பேனுக்கு யாரையும் வீட்டில் வைக்க வேண்டாம். வைத்தால் பெண் பிள்ளைகள் யாரும் படிக்கவே முடியாது. இரட்டைச் சடை போட்டு இறுக்கிக் கட்டி அனுப்புங்கள், சாயங்காலம் ஈரத் தலையில் பேன்சீப்பு. படர்தாமரைக்கு மருந்து தடவி, மூடி, அனுப்பலாம். ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் கலப்பு கிரீம் முதல் வாரம் அரிப்பை அடக்கிவிட்டு அடுத்த மாதம் வட்டத்தை இரட்டிப்பாக்கும்.

சொறி சிரங்கு, அதுவும் விரல் இடுக்கில், மணிக்கட்டில், இடுப்பில், ராத்திரி அரிப்பது, வேறு கதை. மருந்து போட்ட மறுநாளே பள்ளிக்கு வரலாம். ஆனால் "மருந்து போட்ட" என்பதற்கு அர்த்தம் வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி போட்டது. பெர்மெத்ரின் 5 சதவீத கிரீமைக் கழுத்திலிருந்து கால் விரல் இடுக்கு வரை, அரிக்காத இடத்திலும் தடவி, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. பாய், போர்வை, உடுத்தியதெல்லாம் அன்றே வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். அலச முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஓரமாக வையுங்கள், மனித உடம்பு கிடைக்காமல் சிரங்கை உண்டாக்கும் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. பிள்ளைக்கு மட்டும் தடவி, பக்கத்தில் படுக்கும் தாத்தாவுக்குத் தடவாமல் விட்டால் அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து. மருந்து வேலை செய்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். அதைப் பார்த்து ஒரு டீச்சர் திருப்பி அனுப்பினால் சீட்டைக் காட்டிச் சண்டை போடுங்கள், நான் உங்கள் பக்கம். சீழ் வைத்த புண் இருந்தால் மட்டும், ஆன்டிபயாடிக் தொடங்கி ஒரு நாள் ஆகட்டும்.

வீட்டில் வைப்பது என்று முடிவு செய்த பிறகு

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வருடம் முழுக்க லீவு போடாத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் ஷீல்டு கொடுப்பார்கள். அதற்காகவே காய்ச்சலோடு ஒரு பெண் நாலு நாள் வந்தாள். அந்தப் பரிசு வேண்டாம் என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் இரண்டு வருடம் சொன்னேன், கேட்கவில்லை. உங்கள் பள்ளியில் இருந்தால் நீங்களாவது கேளுங்கள். பெற்றோர் சொன்னால் காதில் விழும்.

அப்புறம், சோற்றுக்காக வருகிற பிள்ளைகளும் உண்டு. காலை உணவும் மதியச் சாப்பாடும் பள்ளியில்தான், வீட்டில் அம்மா துறைமுகத்தில் இறால் உரிக்கப் போயிருப்பார். அந்த அம்மாவிடம் 24 மணி நேரம் என்று விதி பேச எனக்கு வாய் வராது. அப்படிப்பட்ட வீடு உங்கள் தெருவில் இருந்தால் அவர்கள் பிள்ளைக்கு அன்று ஒரு கரண்டி ரசம் சாதம் கொடுங்கள். அந்த அம்மா எங்களிடம் மறைக்காமல் சொன்னால் வகுப்பில் ஜன்னலோரம் தனியாக உட்கார வைக்கவாவது முடியும்.

வேலைக்குப் போகிறவர்கள் ஜூன் மாதமே பேசி வையுங்கள்: முதல் நாள் யார் லீவு, இரண்டாம் நாள் யார், பாட்டி வருவாரா, பக்கத்து வீட்டு அக்கா மதியம் எட்டிப் பார்ப்பாரா. ஆறரை மணிக்குப் பேசினால் சண்டைதான் வரும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் காய்ச்சல் பிள்ளையை விடாதீர்கள்.

லீவு லெட்டரில் "உடல்நிலை சரியில்லை" என்று எழுதாதீர்கள். என்ன நோய் என்று எழுதுங்கள். "என் மகளுக்கு நேற்று மாலை முதல் சின்னம்மை. டாக்டர் பார்த்துவிட்டார். பொருக்குத் தட்டிய பிறகு அனுப்புகிறேன்." இவ்வளவு போதும். அவள் பெயரைச் சொல்லாமல் மற்ற பெற்றோரிடம் "வகுப்பில் அம்மை வந்திருக்கிறது, பத்து நாளுக்குப் பிறகு முதுகைப் பாருங்கள்" என்று நான் சொல்ல முடியும். வகுப்பில் கர்ப்பிணி டீச்சர் இருந்தால் இடம் மாற்றிக்கொள்ள முடியும். விட்டுப்போன பாடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டாம் வகுப்பில் ஒரு வாரத்தில் விட்டுப்போவது ஏழாம் வாய்ப்பாடும் ஒரு பாட்டும்தான்.

திரும்பி வரும் நாளில் தனித் தண்ணீர் பாட்டில், அதில் பெயர். பி.டி. பீரியடில் ஓட வைக்க வேண்டாம் என்று டைரியில் ஒரு வரி.

ஒரு வேலை இன்றைக்கே செய்ய வேண்டியது. அட்மிஷன் அன்று நீங்கள் கொடுத்த போன் நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பத்தரை மணிக்குக் கொதிக்கிற பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு நான் கூப்பிடும்போது பாதிக்குப் பாதி "ஸ்விட்ச் ஆஃப்", இல்லை ரீசார்ஜ் போடாத பழைய சிம், இல்லை மெஷின் ஓடும் ஹாலில் லாக்கருக்குள் இருக்கும் அப்பாவின் போன். டைரியின் முதல் பக்கத்தில் இரண்டு நம்பர் எழுதுங்கள். ஒன்று உங்களுடையது, இன்னொன்று பகல் பத்தரைக்குப் போனை எடுக்கிற ஒருவருடையது.